சோம்பேறிக் கண்ணா?

கண்ணாமூச்சி விளையாட்டு ஒரு வைத்தியப் பரீட்சையாக மாறக்கூடும் என்று நாம் அதுவரையில் நினைத்ததில்லை. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மயிலாப்பூரில் உள்ள நண்பர் வீட்டுக் கூடத்தில் காப்பி அருந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நண்பருடைய தாயாருக்கு முழங்கால் வலி. ஓடி ஒளிந்து விளையாட முடியாதவராகையால், ஊஞ்சலில் இருந்தபடியே பேத்திக்காக ஒரு புது மாதிரிக் கண்ணாமூச்சியைக் கண்டுபிடித்திருந்தார். பேத்திக்கு வயது நாலரை. பாட்டி அவளுடைய ஒரு கண்ணை மட்டும் உள்ளங்கையால் மூடுவார், "எதிர்ச் சுவரிலே என்ன தெரிகிறது, சொல்லு!" என்பார்.

இடது கண்ணை மூடியபோது குழந்தை வெகு சமர்த்தாக, "காலண்டர், அதிலே முருகன், பக்கத்திலே மயில், மயில் காலிலே பாம்பு" என்று அடுக்கிக்கொண்டே போனாள். வலது கண்ணை மூடினாரோ இல்லையோ, "கையை எடு பாட்டி! எல்லாம் கலங்கலாயிருக்கு!" என்று வீறிட்டாள். பாட்டி மறுபடியும் இடது கண்ணை மூடினார்; சிரிப்பு. வலது கண்ணை மூடினார். அழுகை, அதனுடன் ஒரு கிள்ளு. நாம் இதைக் குழந்தையின் விஷமம் என்றே எண்ணிச் சிரித்துவிட்டோம். ஆனால் நண்பர் சிரிக்கவில்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அவருக்கு 22 வயதாயிருந்தபோது ஓர் உத்தியோகத்துக்கு எழுதிய பரீட்சையில் நல்ல எண்கள் பெற்றுத் தேறினார். பாக்கி இருந்தது வைத்தியப் பரீட்சை ஒன்றுதான். அங்கே டாக்டர் அவருடைய வலது கண்ணை ஓர் அட்டையால் மறைத்து, எதிரே தொங்கிய பலகையை வாசிக்கச் சொன்னார். மேல் வரியிலிருந்த ஒரே ஒரு பெரிய எழுத்தைத் தவிர வேறொன்றும் நண்பருக்குத் தெரியவில்லை. அதுவரையில் அவர் கிரிக்கெட் ஆடியிருக்கிறார். விடிய விடியப் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார். தமது இரண்டு கண்களில் ஒன்று பெயருக்குத்தான் இருக்கிறது என்பது அந்த நிமிஷம் வரையில் அவருக்குத் தெரியாது. உத்தியோகம் போயிற்று. கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று கேட்டதற்கு டாக்டர் சொன்ன பதிலை அவர் இன்றும் மறக்கவில்லை: "ஐந்து வயதில் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்."

இந்தக் கண்ணுக்கு ஆங்கில வைத்தியர்கள் பேச்சு வழக்கில் வைத்திருக்கும் பெயரை அப்படியே தமிழ்ப்படுத்தி, நம்மவர்களும் சோம்பேறிக் கண் என்கிறார்கள். புத்தகத்தில் உள்ள பெயர் ஆம்பிலியோபியா. நூறு குழந்தைகளை எடுத்துக்கொண்டால் ஒருவர் முதல் மூவர் வரையில் இந்தக் குறை இருக்கக்கூடும் என்பது பொதுவான கணக்கு. சோம்பேறி என்ற பெயரில் நமக்குச் சற்றும் சம்மதமில்லை. பெயர் தவறாயிருப்பதனால் பொருளும் தவறாக விளங்குகிறது. சோம்பேறி என்றதும் பெற்றோர்கள், "கண்ணை நன்றாக முழித்துப் பாரேன்!" என்று குழந்தையை அதட்டுகிறார்கள். கண் என்னவோ தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கேட்பவர்தான் கேட்பதில்லை.

ஒரு வீட்டில் ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள். மூத்தவள் பேச்சு கணீரென்று இருக்கும். இளையவளுக்குக் கொஞ்சம் திக்குவாய். இருவரும் ஒரே சமாசாரத்தைத்தான் வந்து சொல்லுகிறார்கள். மாமியார் என்ன செய்வாள்? மூத்தவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இளையவள் பக்கம் காது கொடுக்காமல் இருந்துவிடுவாள். குடும்பக் காரியம் ஒன்றும் கெடாது. ஆனால் வருஷங்கள் சென்றபின் இளையவளுடைய திக்குவாயை ஒரு வைத்தியர் சரிப்படுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவள் தெளிவாகப் பேசினாலும் மாமியாருக்குப் புரியாது. அந்தக் குரலைக் கேட்டுப் பழகவில்லை. பழக வேண்டிய வயதும் போய்விட்டது. மாமியார் என்பது மூளை. மருமகள்கள் இரண்டு கண்கள். நண்பருக்கு 22 வயதில் மூக்குக் கண்ணாடி பயன்படாமற் போனது இதனால்தான்.

குழந்தை பிறந்தவுடனே நம்மைப்போல் பார்ப்பதில்லை. பார்வை என்பது மழலையைப் போல் பழகிப் பழகித் திருந்துகிற ஒரு வித்தை. ஏறக்குறைய ஏழெட்டு வயது வரையில் இந்தப் பயிற்சி நடைபெறுகிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் மூளைக்குப் போய்ச் சேராவிட்டால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடுகிறது.

பிம்பம் தெளிவாகப் போய்ச் சேராததற்குக் காரணங்கள் மூன்று. மாறுகண் ஒன்று. இரண்டு கண்களும் இரண்டு திசைகளில் பார்த்தால் மூளைக்கு ஒரே சமயத்தில் இரண்டு காட்சிகள் கிடைக்கும். குழப்பத்தைத் தவிர்க்க அது ஒரு காட்சியைத் தள்ளிவிடும். இன்னொன்று, கண்ணுக்குள் ஒளி புகாமல் மறைப்பு இருப்பது. பிறவியிலேயே கண்புரை இருக்கலாம். மேலிமை கண் பாவையை மூடித் தொங்கலாம். இது மற்ற இரண்டையும்விட அவசரமானது. பிறந்த சிசுவின் ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால், பார்வையைக் காப்பாற்றுவதற்கு ஆறு வாரங்களுக்குள் அறுவை நடக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் பொதுவான அபிப்பிராயம். குழந்தையின் கண் பாவை கறுப்பாயில்லாமல் வெளுத்துத் தோன்றினாலும், வெளிச்சம் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாய் மின்னினாலும் நாள் நட்சத்திரம் பார்க்காமல் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். அது புரையாகவும் இருக்கலாம். உயிருக்கே ஆபத்தான கட்டியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது காரணந்தான் மகா கள்ளன். இரண்டு கண்களின் சக்தியும் ஒன்றாயில்லாமல் வேறுபட்டிருப்பது. ஒரு கண்ணுக்குக் கண்ணாடியே வேண்டாம். மற்றொன்றுக்குப் பெரிய சக்தியுள்ள கண்ணாடி வேண்டும். வெளித் தோற்றத்தில் இரண்டு கண்களும் நேராக, அழகாக, மை தீட்டிப் பார்க்கத் தகுந்தவையாக இருக்கும். குழந்தை தடுமாறாது, ஊசியைக் கீழே போட்டால் பொறுக்கிக் கொடுக்கும். தெரியவில்லை என்று சொல்லவும் சொல்லாது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பதையே உலகம் முழுவதும் செய்வதாக அது எண்ணிக்கொண்டிருக்கிறது. நமது நண்பருக்கு நேர்ந்ததும், அவருடைய பெண்ணுக்கு நேர்ந்திருந்ததும் இந்த வகைதான். இந்தக் குறை சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு.

மூளை உண்மையில் இப்படி ஓரவஞ்சனை செய்கிறதா என்பதை நிரூபித்தவர்கள் அமெரிக்காவில் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த இருவர்: டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீஸல் என்பவர்கள். அவர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மட்டும் பிறந்த சில நாட்களுக்குள் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு திறந்து பார்த்தார்கள். (கேட்பதற்கு நமக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குட்டிகளுக்கு எத்தனையோ குழந்தைகள் கடமைப்பட்டிருக்கின்றன.) மூடியிருந்த கண்ணின் விழித்திரையில் சொல்லும்படியான கோளாறு இல்லை. ஆனால் மூளையில் பார்வைக்கென்று உள்ள பகுதியின் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே பதில் சொல்லின. மூடியிருந்த கண்ணுக்கு ஆள் இல்லை! இதே மாதிரி வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது ஒரு விபரீதமும் நேரவில்லை. 1963-ஆம் வருஷத்தில் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள். பார்வை மூளையில் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாமியார் காது கொடுப்பதற்கும் ஒரு பருவம் உண்டு என்பதை உலகம் அறிந்தது இவர்களால்தான்.

சிகிச்சையோ இதற்கு வெகு காலம் முந்தியது. பிரான்ஸ் தேசத்து இயற்கை ஆராய்ச்சிக்காரரான புஃபோன் பிரபு 1743-இல் மாறுகண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்ன யோசனை: நல்ல கண்ணைக் கட்டிவிடுங்கள், பலவீனமான கண் வேறு வழியின்றி வேலை செய்யும். மூத்த மருமகளைத் தினந்தோறும் கொஞ்ச நேரம் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டால், மாமியார் இளையவளிடம் பேசித்தானே ஆக வேண்டும்! இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் சிகிச்சையின் சாரம் இதுதான். எவ்வளவு நேரம் அனுப்புவது, எந்த வயது வரையில் அனுப்புவது என்பதில்தான் அறிவு வளர்ந்திருக்கிறது.

நமது நண்பர் மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு குழந்தையைக் கண் டாக்டரிடம் அழைத்துச் சென்றார். நாமும் துணைக்குப் போயிருந்தோம். எழுத்துத் தெரியாத குழந்தைக்குக் கண் பரீட்சை எப்படிச் செய்வார்கள் என்று பாட்டிக்கு ஒரே கவலை. அது பெரிய காரியமே அல்ல. ஆங்கில 'ஈ' எழுத்தைப் பல பக்கமாகத் திருப்பிப் போட்ட பலகை இருக்கிறது. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று குழந்தை விரலால் காட்டினால் போதும். பிறகு பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, ஒரு சிறு விளக்கின் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டே கண்ணாடியின் சக்தியைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். குழந்தை வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஆகையால், "இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும்" என்று ஒத்திப்போடுவதற்கு நியாயமே கிடையாது.

வலது கண் நன்றாயிருந்தது. இடது கண் 6-ல் 60 என்று டாக்டர் எழுதினார். சாதாரணக் கண் 60 மீட்டருக்கு அப்பாலிருந்து வாசிக்கக்கூடிய எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்குக் கிட்டக் கொண்டு வந்தால்தான் வாசிக்கும் என்பது பொருள். முருகனுடைய மயில் கலங்கிப் போனதில் ஆச்சரியம் என்ன?

உடனே கண்ணைக் கட்டிவிடுவார்கள் என்று நாம் எதிர்பார்த்தோம். டாக்டர் கண்ணாடிக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். "நாலு மாதம் போகட்டும்" என்றார். நண்பருக்கு ஏமாற்றம். ஆனால் டாக்டர் செய்ததே முறை. சக்தி வேற்றுமையினால் வந்த இந்தக் குறையுள்ள 84 குழந்தைகளுக்குக் கண்ணாடியை மட்டும் கொடுத்துப் பார்த்து, அமெரிக்க வைத்தியர்கள் 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நாலில் மூன்று பேருக்கு மேல் பலகையில் இரண்டு வரியாவது முன்னேறினார்கள். நாலில் ஒருவருக்குக் கண்ணாடியாலேயே குறை தீர்ந்துவிட்டது. திக்குவாய் சரியான மாத்திரத்திலேயே சில மாமியார்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடி மூக்கின்மேல் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகும்போது 'அழகு கெடுகிறது' என்று கழற்றி வைக்கிற அத்தைமார்களை முதலில் வழிக்குக் கொண்டுவர வேண்டும்!

நண்பருடைய பெண்ணுக்குக் கண்ணாடியினால் 6-ல் 60 என்பது 6-ல் 24 ஆயிற்று. அதற்கு மேல் நகரவில்லை. ஆனி மாதத்தில் ஒட்டு ஆரம்பமாயிற்று. நல்ல கண்ணின் மேல், கண்ணாடிக்கு உட்புறமாக, தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்திரி. தினம் 2 மணி நேரம். கண்ணாடியின் மேல் துணியைச் சுற்றிவிட்டால் குழந்தை ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடும். அப்புறம் சிகிச்சை கண்ணாடிக்குத்தான் நடக்கும், கண்ணுக்கு அல்ல.

இரண்டு மணி நேரம் போதுமா என்று வாசகர்கள் கேட்கலாம். முற்காலத்தில் நாள் முழுவதும் கட்டி வைத்துக் குழந்தைகளை வதைத்ததுண்டு. குறை மிதமாக உள்ள, 7 வயதுக்கு உட்பட்ட 189 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 2 மணி நேரமும் மற்றொன்றுக்கு 6 மணி நேரமும் ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள். நாலு மாதத்தில் இரண்டு பிரிவும் சரிசமமாகவே முன்னேறியிருந்தன. 2003-இல் வெளிவந்த இந்த முடிவு எத்தனை வீடுகளில் எத்தனை அழுகையை மிச்சப்படுத்தியிருக்கும் என்பதை நினைத்தால் நமக்கு ஆனந்தமாயிருக்கிறது. குறை கடுமையாயிருந்தால் 6 மணி நேரம் வேண்டியிருக்கும். நேரத்தை நிர்ணயிப்பவர் டாக்டரே. நாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒட்டை அளவு மீறிப் போட்டால் நல்ல கண் மந்தமாகிவிடக்கூடும். மூத்தவளை ஒரேயடியாகப் பிறந்தகத்திலேயே விட்டுவைத்தால் அவளையும் மாமியார் மறந்துவிடுவாள். ஆகையால்தான் குறித்த தேதியில் திரும்பவும் காட்ட வேண்டும் என்கிறார்கள்.

பிளாஸ்திரியைச் சகிக்காத குழந்தைகளுக்கு வேறு உபாயமும் இருக்கிறது. நல்ல கண்ணில் அட்ரோபின் என்ற சொட்டு மருந்தை விட்டால் அந்தக் கண்ணுக்குக் கிட்டப் பார்வை மங்கும். மூளை மற்றக் கண்ணை நாடும். 419 குழந்தைகளிடம் சொட்டையும் ஒட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒட்டினால் பலன் சற்று விரைவில் தெரிந்தது. ஆறு மாதத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விட்டாலும் போதும் என்று பின்னால் கண்டார்கள். இந்த மருந்தின் இனத்தைச் சேர்ந்த சரக்கு நம் ஊர் ஊமத்தையிலும் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு யாராவது ஊமத்தை இலையைக் கசக்கிக் கண்ணில் பிழிந்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் சொல்கிறோம்: அது விஷம். விளக்கெண்ணெய், தாய்ப்பால் ஆகியவற்றையும் கண்ணில் விட வேண்டாம். மூளையில் உள்ள குறைக்குக் கண்ணில் எதை ஊற்றித்தான் என்ன பிரயோஜனம்?

இனி ஒட்டுப் போரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாஸ்திரம் எல்லாம் ஒரு பக்கம், நாலரை வயதுக் குழந்தையின் ஒரே நல்ல கண்ணை மூடிவிட்டு, "விளையாடு, கண்ணே!" என்று சொல்வது மற்றொரு பக்கம். முதல் நாள் அவள் பிளாஸ்திரியைப் பிய்த்து நாய்க்குட்டிப் பொம்மையின் கண்ணில் ஒட்டினாள். இரண்டாம் நாள் தாயார் அழுதாள். மூன்றாம் நாள் நண்பர் கோபித்துக்கொண்டார். அதனால் நாலாம் நாள் நிலைமை பின்னும் மோசமாயிற்று. பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை தோற்றுப் போவது இந்த முதல் வாரத்தில்தான் என்பது நமது அபிப்பிராயம். 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒட்டுப் பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது.

இந்த வீட்டைக் காப்பாற்றியவர் தாத்தா. அவர் பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு கண்ணப்ப நாயனார் கதையைச் சொன்னார். காளத்தி மலைச் சாமியின் கண்ணில் இரத்தம் வழிந்ததும் வேடன் தன் கண்ணையே எடுத்து அப்பிய இடத்தில் குழந்தை மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார். உன்னை யாரம்மா கண்ணைக் கொடுக்கச் சொன்னார்கள்? தினம் 2 மணி நேரம் கடனாகக் கேட்கிறோம். மணி அடித்ததும் திருப்பித் தந்துவிடுவோம்" என்றார் தாத்தா. அன்று முதல் வீட்டில் அதற்குக் 'கடன் நேரம்' என்று பெயர். சாயங்காலம் 4 மணிக்குக் கடன் ஆரம்பம். 6 அடித்ததும் வசூல். தாத்தாவே தினமும் தம் கண்ணிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார். அவர் தோற்றதெல்லாம் ஒட்டினால்தான் என்று நம்மிடம் சாதித்தார்.

பாட்டி தம் பங்குக்கு அரிசியில் கல் பொறுக்கவும், பூத் தொடுக்கவும், புள்ளிக்கோலம் போடவும் கற்றுக் கொடுத்தார். கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற வேலைதான் செய்ய வேண்டும் என்று ஒரு காலத்தில் வற்புறுத்துவார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் அப்படி ஒரு விசேஷமும் இல்லை என்று தெரிந்துவிட்டது. விழித்துக்கொண்டு எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் சரி. கோலமும் பல்லாங்குழியும் பொழுது போவதற்காகத்தான். அதுவே பெரிய உபகாரம் அல்லவா?

பாட்டிக்கு மட்டும் ஒரு குறை. அவருடைய தங்கை வீட்டில் ஒரு பேரனுக்கு மாறுகண். "அதை அதிர்ஷ்டம் என்று சொல்லி அங்கே கொண்டாடுகிறார்கள், இங்கே கண் நேராயிருக்கிற பெண்ணுக்கு ஒட்டுப் போடுகிறீர்களே!" என்றார். மாறுகண் அதிர்ஷ்டம் என்னும் நம்பிக்கை நம் நாட்டில் எவ்வளவு பேரின் கண்ணைக் கெடுத்திருக்கிறதோ, கடவுளுக்குத்தான் தெரியும். பிறந்து மூன்று நாலு மாதங்கள் வரையில் சிசுவின் கண்கள் அவ்வப்போது இப்படியும் அப்படியும் ஓடுவது இயற்கை. மூக்குத்தண்டு அகன்றிருப்பதனால் சில குழந்தைகளுக்கு மாறுகண் போன்ற தோற்றம் மட்டும் இருப்பதும் உண்டு. ஆனால் நாலு மாதத்துக்குப் பிறகும் கண் விலகுகிறது என்றால், 'வளர வளரச் சரியாகிவிடும்' என்ற பேச்சு உதவாது. அறுவை செய்து நேராக்கினால் முடிந்துவிட்டது என்பதும் தப்பு. அறுவை கண்ணைத்தான் நேராக்கும். மூளை பழகிய ஓரவஞ்சனையை அது மாற்றாது. அதற்குக் கண்ணாடியும் ஒட்டும் தனியாக வேண்டும். அநேகமாய் அவை அறுவைக்கு முன்னாலேயே தொடங்கும். பாட்டி இதைக் கேட்டு, தங்கைக்கு அன்றே டெலிபோன் செய்தார். அந்தப் பேரனுக்கு இப்போது வயது 9.

9 வயது என்றால் காலம் கடந்துவிட்டதா? அப்படித்தான் முன்பு நினைத்தார்கள். நமது நண்பருக்கு டாக்டர் சொன்ன பதிலிலும் அந்த நினைப்பு இருந்தது. 7 முதல் 17 வயது வரையில் உள்ள 507 பேர்களிடம் செய்த பரீட்சையின் முடிவு 2005-இல் வெளிவந்தது. 7 முதல் 12 வயது வரையில் உள்ளவர்களில், கண்ணாடியோடு ஒட்டும் சொட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 53 பேர் முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் பெற்றவர்களுள் 25 பேர். 13 வயதுக்கு மேல் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் காணோம். ஆனால் அதற்கு முன் சிகிச்சையே பெறாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 47-க்கு 20 என்று நல்ல பலன் இருந்தது. ஆகவே 9 வயதுப் பையனுக்காக ஒரு தடவை முயல்வதே நியாயம். ஆனால் முன்னேற்றம் வேறு, பூரண குணம் வேறு. சிறு வயதில் வருகிற அளவுக்கு அது வராமல் போகலாம்.

வயது முதிர்ந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையினால் கிடைக்கும் பலன் சொற்பம். நல்ல கண்ணை விபத்தில் இழந்த சிலருக்கு, மந்தமாயிருந்த கண் முதிய வயதிலும் ஓரளவு தேறியதுண்டு என்கிறார்கள். அதை நம்பி யார் இருக்க முடியும்? நமது நண்பர் இப்போது உடையாத ரகக் கண்ணாடி ஒன்றைச் சக்தி இல்லாமலேயே வாங்கி அணிந்துகொண்டிருக்கிறார். இருக்கிற ஒரு கண்ணுக்குக் காவல் வேண்டுமல்லவா?

குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிப்பதற்குப் பெரிய பணக்காரராயிருக்க வேண்டியதில்லை. சென்னையில் 1819-இல் தொடங்கிய அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி இப்போது எழும்பூரில் நடந்து வருகிறது. ஜில்லாத் தலைநகர்களின் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கண் பிரிவு உண்டு. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஒரு முறையாவது, குறை இருப்பதாகத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், இரண்டு கண்களையும் தனித்தனியாகப் பரிசோதித்துவிட வேண்டும். வீட்டில் பெரியவர்களில் யாருக்காவது இந்தக் குறை இருந்தால் இன்னும் முன்னதாகவே செய்வது நலம். பாட்டியின் கண்ணாமூச்சியை எந்த வீட்டிலும் ஆடிப் பார்க்கலாம். ஆனால் குழந்தை அழவில்லை என்பதற்காக டாக்டரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம். மிதமான குறை அந்த விளையாட்டில் அகப்படாது.

தை பிறந்த பிறகு மறுபடியும் மயிலாப்பூருக்குப் போயிருந்தோம். குழந்தையின் இடது கண் 6-ல் 9-க்கு வந்துவிட்டது. ஒட்டைச் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போவதாக டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் நாலு பேரில் ஒருவருக்குப் பார்வை ஓரளவு பின்வாங்குவதால், அதன் பிறகும் போய்க் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். தாத்தாவுக்குக் கடன் நேரம் முடியப் போகிறதே என்று வருத்தம். பல்லாங்குழியில் அவர் அப்போதுதான் ஜயிக்க ஆரம்பித்திருந்தார்.

அன்று மாலை ஊஞ்சலில் டாக்டர் வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் குழந்தை. பாட்டியையும் தாத்தாவையும் பரீட்சை செய்து அனுப்பிவிட்டு, அப்பாவை அழைத்தாள். அவருடைய கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். சின்னஞ்சிறு உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணை இறுக மூடினாள்.

"எதிர்ச் சுவரிலே என்ன தெரியறது, சொல்லு!"

நண்பர் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலண்டர்" என்றார்.

"காலண்டரிலே?"

"முருகன், பக்கத்திலே மயில்."

"தப்பு அப்பா! அது போன வருஷம். இது லக்ஷ்மி!" என்று குழந்தை கை கொட்டிச் சிரித்தாள்.